மதுரையில் பிறந்த டி மார்கன்

நண்பர்களே, கணினி ஆய்வகத்தில் ஆன்சிஸ் ஸ்கிரிப்ட் எழுதும் நாமெல்லாம் ஒரு மதுரைக்காரரை நினைச்சுக்கணும் என்பேன். சிரிக்காதீங்க! அகஸ்டஸ் டி மார்கன் 1806 ஜூன் 27 அன்று பிறந்தது மதுரையில்தான். தந்தை கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளத்து அதிகாரி. பிள்ளைக்கு ஏழு மாதமானபோது குடும்பம் இங்கிலாந்து போய்விட்டது. அதனால் ரொம்ப உரிமை கொண்டாட முடியாது. கைக்குழந்தையிலேயே ஒரு கண் பார்வையும் போயிற்று.

கேம்பிரிட்ஜில் 1827-ல் கணிதத்தில் நான்காமிடம் பெற்றார். எம்.ஏ. பட்டத்துக்கு மத உறுதிமொழியில் கையெழுத்து கேட்டார்கள். மாட்டேன் என்றார். அங்கே வேலைக்கு வழி அடைபட்டது. 1828-ல், 21 வயதில், லண்டனில் புதிதாகத் தொடங்கிய பல்கலைக்கழகத்துக்கு முதல் கணிதப் பேராசிரியர் ஆனார். 1831-ல் சக பேராசிரியர் ஒருவரை நீக்கியதை எதிர்த்து ராஜினாமா செய்தார். அடுத்து வந்தவர் இறந்துபோகவே, 1836-ல் திரும்ப வந்தார்.

இனி நம்ம விஷயம். ஒரு மாடலில் போல்ட், நட் என்று இரண்டு எலிமெண்ட் குழுக்கள் இருக்கு. அவை இரண்டும் இல்லாத மீதி எலிமெண்ட் எத்தனை? எல்லாவற்றையும் தேர்ந்து, சி.எம்.செல் கட்டளையில் 'யு' போட்டு போல்ட்டை நீக்கி, பிறகு நட்டை நீக்கலாம். அல்லது 'எஸ்' போட்டு போல்ட்டை எடுத்து, 'ஏ' போட்டு நட்டைச் சேர்த்து, இ.செல் கட்டளையால் தலைகீழாக்கலாம். ஸ்டார் கெட் கட்டளையில் எண்ணிக்கை கேளுங்க, இரண்டு வழியிலும் ஒரே எண்தான் வரும். இதுவா அல்லது அதுவா என்பதை மறுத்தால், இதுவுமில்லை அதுவுமில்லை என்றாகும். அதுதான் டி மார்கன் விதி.

இதைவிட நுட்பமானது ஒன்று உண்டு. 'இல்லை' என்றால் எதற்குள் இல்லை? முதலில் மொத்தத்தை வரையறுக்கணும் என்று அவர் 1846-லேயே எழுதி, அந்த மொத்தத்துக்கு யூனிவர்ஸ் என்று பெயரும் வைத்தார். நமக்கு மாடல் முழுவதும்தான் அந்த மொத்தம்.

வயசு கேட்டால் குறும்பு செய்வார்: எக்ஸ் வர்க்க வருஷத்தில் தனக்கு எக்ஸ் வயசு என்பாராம். கணக்குப் போட்டுப் பாருங்க, 1849-ல் 43!

மகன் ஜார்ஜ் நண்பரோடு சேர்ந்து தொடங்கிய லண்டன் கணிதச் சங்கத்துக்கு 1865-ல் முதல் தலைவரானார். மறு வருஷமே, மதத்தைக் காரணமாக்கி ஓர் அறிஞருக்குத் தன் கல்லூரி பதவி மறுத்ததால், 30 வருஷ வேலையை விட்டு வெளியேறினார். 1867-ல் ஜார்ஜ் இறந்தார். 1870-ல் ஒரு மகளும் போனாள். 1871 மார்ச் 18 அன்று லண்டனில் டி மார்கனும் கண்மூடினார்.