எம். ஜே. கோபாலன்

மொறப்பாக்கம் ஜோசியம் கோபாலன் (சூன் 6, 1909 – திசம்பர் 21, 2003) தமிழகத்தைச் சேர்ந்த புகழ்பெற்ற துடுப்பாட்ட (கிரிக்கெட்) வீரர் ஆவார். வலக்கை மித வேகப் பந்துவீச்சாளரான இவர், துடுப்பாட்டம், வளைதடிப் பந்தாட்டம் (ஹாக்கி) ஆகிய இரண்டிலும் இந்தியாவுக்காக விளையாடிய மிகச் சிலருள் ஒருவர். ரஞ்சிக் கோப்பைப் போட்டியின் வரலாற்றில் முதல் பந்தை வீசியவரும் இவரே.

இளமை

கோபாலன் செங்கல்பட்டு மாவட்டத்திலுள்ள மொறப்பாக்கம் என்னும் ஊரில் பிறந்தார். சேப்பாக்கம் விளையாட்டுத் திடலுக்கு அண்மையிலுள்ள திருவல்லிக்கேணியில் வளர்ந்தார். இவருடைய திறமையைக் கண்டறிந்தவர் சென்னையில் பணியாற்றிய ஆங்கிலேயத் துடுப்பாட்ட வீரர் சி. பி. ஜான்ஸ்டன் ஆவார். அவர் பர்மா ஷெல் நிறுவனத்தில் கோபாலனுக்கு வேலை கிடைக்கச் செய்தார். விளையாட்டையே தொழிலாகக் கொள்ள இயலாத அக்காலத்தில், நிலையான வருவாய் இருந்ததாலேயே இவரால் தொடர்ந்து விளையாட முடிந்தது.

துடுப்பாட்டம்

1926–27 பருவத்தில் சென்னை மாகாணப் போட்டியில் இந்தியர் அணிக்காக முதல்தரத் துடுப்பாட்டத்தில் அறிமுகமானார். ஆண்டுதோறும் பொங்கலையொட்டி நடைபெற்ற இப்போட்டியில் இந்தியர் அணியும் ஐரோப்பியர் அணியும் மோதின. 1930–31 பருவத்தில் விசயநகரம் இளவரசரின் அணி சென்னைக்கு வந்தபோது, அவ்வணியில் ஆடிய இங்கிலாந்தின் ஜாக் ஹாப்ஸை ஆட்டமிழக்கச் செய்து பெயர் பெற்றார்.

1934 சனவரியில் கல்கத்தா ஈடன் கார்டன்சில் இங்கிலாந்துக்கு எதிராகத் தமது ஒரே தேர்வுப் போட்டியை ஆடி, ஓர் இலக்கைக் கைப்பற்றினார்.

1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் சென்னை அணிக்கும் மைசூர் அணிக்கும் இடையே ரஞ்சிக் கோப்பையின் முதல் போட்டி தொடங்கியது. முதல் பந்தை கோபாலன் வீச, மைசூர் அணியின் கர்ட்டிஸ் எதிர்கொண்டார். மைசூர் 48, 59 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது. சென்னை 130 ஓட்டங்கள் எடுத்து, இன்னிங்சு வெற்றி பெற்றது. போட்டி ஒரே நாளில் முடிவடைந்தது. இதில் 11 இலக்குகளை வீழ்த்தியவர் ஏ. ஜி. ராம்சிங் ஆவார்.

வளைதடிப் பந்தாட்டமும் 1936ஆம் ஆண்டும்

1935இல் தியான் சந்த் தலைமையில் நியூசிலாந்து, ஆத்திரேலியா சென்ற இந்திய வளைதடிப் பந்தாட்ட அணியில் கோபாலன் இடம்பெற்றார். அவ்வணி தான் ஆடிய 48 போட்டிகளிலும் வென்றது.

அடுத்த ஆண்டில் பெர்லின் ஒலிம்பிக் போட்டியும் இந்தியத் துடுப்பாட்ட அணியின் இங்கிலாந்துப் பயணமும் ஒரே காலத்தில் அமைந்தன. ஒன்றை மட்டுமே தேர்ந்தெடுக்க முடியும் என்ற நிலையில் கோபாலன் இங்கிலாந்துப் பயணத்தைத் தேர்ந்தெடுத்தார். எனினும் அங்கு நடைபெற்ற மூன்று தேர்வுப் போட்டிகளில் ஒன்றில்கூட ஆடும் வாய்ப்பு இவருக்குக் கிட்டவில்லை. ஆகத்து 15 அன்று பெர்லினில் இந்திய அணி செருமனியை 8–1 என்ற கணக்கில் வென்று தங்கப் பதக்கம் பெற்றது. அதன் பின்னர் கோபாலன் தேர்வுப் போட்டியிலோ ஒலிம்பிக்கிலோ ஆடவில்லை.

பிற்காலம்

சென்னை அணிக்காகத் தொடர்ந்து விளையாடிய இவர், 1951–52 பருவத்தில் முதல்தரத் துடுப்பாட்டத்திலிருந்து விலகினார். 78 முதல்தரப் போட்டிகளில் 194 இலக்குகளை வீழ்த்தியுள்ளார். பின்னர் இந்திய அணியின் தேர்வாளராகவும் பணியாற்றினார்.

இவரது பெயரால் 1952–53 பருவத்தில் சென்னை, இலங்கை அணிகளுக்கிடையே கோபாலன் கோப்பைப் போட்டி தொடங்கப்பட்டது. 1980களின் தொடக்கம் வரை நடைபெற்ற இப்போட்டி, தேர்வுத் தகுதி பெறாதிருந்த இலங்கை வீரர்களுக்குச் சிறந்த பயிற்சிக் களமாக விளங்கியது.

கோபாலன் 2003ஆம் ஆண்டு சென்னையில் தமது 94ஆவது அகவையில் காலமானார்.