டூர் டி பிரான்ஸில் கியருக்குத் தடை போட்டவர்... யார் இந்த ஹென்றி டெக்ராஞ்ச்?

ரோடு பைக்குக்கு எலக்ட்ரானிக் கியர் தேவையா, வெட்டிச் செலவா? இந்தச் சண்டை புதுசு இல்லை.

1865-ல் பாரிஸில் பிறந்த டெக்ராஞ்ச், 1893-ல் ஒரு மணி நேரத்தில் 35.325 கி.மீ. சைக்கிள் ஓட்டி சாதனை படைத்தவர். 1903-ல் டூர் டி பிரான்ஸைத் தொடங்கியவரும் இவர்தான்.

ஜெயிக்க வேண்டியது கால் பலம், மெஷின் இல்லை என்பது இவர் கொள்கை. அதனால் ஓடும்போதே சங்கிலியை மாற்றும் கியருக்கு முன்னணி வீரர்களுக்கு அனுமதி இல்லை. மலை வந்தால் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டணும்!

1936-ல் உடல்நலம் குன்றி பொறுப்பை விட்டார். அடுத்த ஆண்டே கியருக்கு அனுமதி கிடைத்தது. 1940-ல் காலமானார்.

இன்று டூரில் பட்டனைத் தட்டினால் குட்டி மோட்டார் கியரை மாற்றுகிறது. மிச்சமாவது விரலின் வேலைதான். மலையேற மிதிக்க வேண்டியது இப்போதும் கால்தான். அந்த அளவில் டெக்ராஞ்ச் பயந்தது நடக்கவில்லை.