காலம் அறிந்த கைவினைஞர்

செய்யத்தக்க செயலைச் செய்யத்தக்க வேளையில் செய்தலே வெற்றிக்கு வித்தாகும். முந்தினும் கேடு, பிந்தினும் கேடு. மாந்தர் வாழ்வுக்கு மட்டுமன்றி எந்திரங்களின் இயக்கத்திற்கும் இவ்வுண்மை பொருந்தும். இதனைத் தம் கைத்தொழிலாலும் வாழ்க்கையாலும் விளக்கிக் காட்டியவர், படகின் புறத்தே பொருத்தும் எந்திரத்தை உலகெங்கும் பரவச் செய்த ஓலே எவின்ரூட் ஆவார்.

அவர் 1877ஆம் ஆண்டு ஏப்பிரல் 19ஆம் நாள் நார்வே நாட்டில் பிறந்தார். அவர் சிறு குழந்தையாய் இருந்தபொழுதே பெற்றோர் கடல் கடந்து அமெரிக்காவை அடைந்து, விஸ்கான்சின் மாநிலத்தில் ரிப்ளி ஏரியை அடுத்துக் குடியேறி உழவுத்தொழில் மேற்கொண்டனர். சிறுவர் ஓலேயின் உள்ளமோ ஏர்முனையில் நில்லாது, எந்திரங்களிலும் படகிலும் படிந்தது. பள்ளியில் அவர் கற்றது சிறிதே. பதினாறாம் வயதில் மாடிசன் நகரம் சென்று, பகலெல்லாம் பட்டறையில் உழைத்து, இரவில் கணக்கும் பொறிநூலும் தாமே பயின்றார். பின்னர்ப் பல நகரங்களில் தொழில் பழகி, மில்வாக்கி நகரில் வார்ப்படங்களுக்கு மாதிரியுரு செய்யும் வினைஞரானார். கூட்டாளிகளுடன் தொடங்கிய தொழில்கள் நொடித்தன. ஆயினும் அவர் ஊக்கம் நொடியவில்லை.

ஒரு கோடை நாளில் அவர் பெஸ் கேரி என்னும் நங்கையுடனும் நண்பர்களுடனும் ஏரித்தீவு ஒன்றிற்குச் சென்றிருந்தார். பெஸ் பனிக்கூழ் உண்ண விரும்பினார். ஓலே துடுப்பு வலித்துக் கரைக்குச் சென்று, அதனை வாங்கி மீண்டார். அதற்குள் பனிக்கூழ் உருகிப்போயிற்று. சிறு படகிற்கும் எந்திரம் வேண்டும் என்ற எண்ணம் அன்று அவருக்குத் தோன்றியது என்பர். 1906ஆம் ஆண்டில் அவ்விருவரும் மணம் புரிந்துகொண்டனர்.

படகின் புறத்தே எந்திரம் பொருத்த அவருக்கு முன்னரே சிலர் முயன்றிருந்தனர். ஓலே எளிதில் கழற்றவும் மாட்டவும் தக்கதொன்றை வடித்தார். அதன் முதல் உருவைக் கண்ட பெஸ், காப்பிக்கொட்டை அரைக்கும் கருவி போலிருக்கிறதே என நகைத்தாராம். 1909ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த எந்திரம் ஒன்றரைக் குதிரைத்திறனும் 62 பவுண்டு எடையும் உடையது.

அதன் உயிர்நிலை தீப்பொறியே. உருளையினுள் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையைப் பிஸ்டன் நெருக்குகின்றது. அது தன் எல்லையை அடைவதற்குச் சற்று முன்னரே தீப்பொறி எழுதல் வேண்டும். கலவை முற்றும் எரியச் சிறிது நேரம் ஆகுமன்றோ? பொறி மிக முந்தின், வெடிப்பின் விசை பிஸ்டனை எதிர்த்துத் தாக்கும். சக்கரத்தைச் சுழற்றுவோர் கையும் ஊறுபடும். மிகப் பிந்தின், ஆற்றல் வீணாகும். எந்திரமும் மிகையாகச் சூடேறும். ஆதலின், அக்கால எந்திரங்களில் தீப்பொறியின் வேளையை மாற்றும் நெம்புகோல் ஒன்று அமைந்திருந்தது. புறப்படும்போது பொறியைப் பிந்தவிட்டு, வேகம் கூடக்கூட முந்தச் செய்வது படகோட்டியின் திறம். பிற்காலத்தில் பழுது பார்ப்போர், சுழற்சக்கரத்தின் குறியும் நிலையான குறியும் நேர்ப்படும் இடத்தில் தொடுமுனைகள் விலகுகின்றனவா எனச் சோதித்து, வேளையைச் செம்மைப்படுத்தினர்.

நண்பர் ஒருவர் அவ்வெந்திரத்தை இரவல் வாங்கிச் சென்றார். திரும்பியபொழுது, பத்து எந்திரங்கள் வேண்டுமென்னும் கோரிக்கையோடு வந்தார். பெஸ் விளம்பரங்களும் மடல்களும் எழுதி வாணிகத்தை வளர்த்தார். ஆனால் ஓயாத உழைப்பால் அவர் உடல் நலிந்தது. தொழில் உச்சியில் நின்ற வேளை அது. எனினும் ஓலே மனம் மயங்கவில்லை. பெருஞ்செல்வத்தினும் மனைவியின் நலமே பெரிதெனக் கருதி, 1914ஆம் ஆண்டில் தம் பங்கை விற்றார். ஐந்தாண்டுக் காலம் அத்தொழிலில் போட்டியிடுவதில்லை என்னும் உடன்பாட்டிற்கும் இசைந்தார்.

அக்காலம் கழிந்தபின், அலுமினியத்தால் இலேசான இரட்டை உருளை எந்திரம் ஒன்றைப் படைத்தார். ஏறத்தாழ 48 பவுண்டே எடையுள்ள அதற்கு எல்ட்டோ என்று பெயர். பெஸ் மீண்டும் தோள் கொடுத்தார். 1929ஆம் ஆண்டில் எல்ட்டோ, எவின்ரூட், லாக்வுட் ஆகிய நிறுவனங்கள் ஒன்றாக இணைந்தன. ஓலே அவற்றின் தலைவரானார். பெஸ் 1933ஆம் ஆண்டில் மறைந்தார். அடுத்த ஆண்டு சூலை 12ஆம் நாள், தம் ஐம்பத்தேழாம் வயதில், ஓலேயும் மறைந்தார். தொழிலை மகன் ரால்ஃப் தொடர்ந்து நடத்தினார்.

எவின்ரூட் என்னும் பெயர் தாங்கிய எந்திரங்களின் உற்பத்தி 2020ஆம் ஆண்டில் நின்றுபோயிற்று. எனினும், அவர் பரப்பிய முறையில் அமைந்த எந்திரங்கள் உலகின் பல கரைகளில் மீனவர்க்கு உற்ற துணையாய் விளங்குகின்றன. தீப்பொறிக்கு உரிய வேளையைத் தேர்ந்தவர், பொருளை விடுதற்கு உரிய வேளையையும் மீண்டும் முயல்தற்கு உரிய வேளையையும் தேர்ந்தார். காலம் அறிந்து வாழ்ந்த அக்கைவினைஞரின் வாழ்வு, கற்போர் யாவர்க்கும் நல்வழி காட்டுவதாகும்.