ஊசித்துளை வழியே ஓர் ஆராய்ச்சி

சர் சி. வி. இராமனை நம் மாணவியர் எல்லோரும் அறிவர். 1928 பிப்ரவரியில் கல்கத்தாவில் நடந்த அந்தப் புகழ்பெற்ற ஆராய்ச்சியில் அவருடன் உழைத்த கே. எஸ். கிருஷ்ணனை எத்தனை பேர் அறிவோம்? புதிய ஒளிச்சிதறலை உலகுக்கு முதலில் அறிவித்த கடிதத்தில் இருவர் பெயரும் இருந்தன. 1930-இல் நோபல் பரிசு இராமனுக்கு மட்டுமே கிடைத்தது. அந்த வாதத்திற்குள் நாம் போக வேண்டாம். கிருஷ்ணனின் இன்னொரு பணியைச் சொல்லவே விரும்புகிறோம்.

விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் 1898 டிசம்பர் 4 அன்று பிறந்தவர் அவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னை கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார். பின்னர் கல்கத்தா, டாக்கா, அலகாபாத். 1947-இல் புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானார்.

அம்பத்தூரிலும் ஆவடியிலும் நம் வீடுகளில் முன்பு இருந்த பருத்த தொலைக்காட்சிப் பெட்டி நினைவிருக்கிறதா? அதன் குழாய்க்குள் சூடேறிய உலோகத்திலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பித் திரையில் மோதும். எலெக்ட்ரான் தானாக வெளியே வராது. அதற்குக் குறிப்பிட்ட அளவு ஆற்றல் வேண்டும். அதை அளக்கப் போனவர்களுக்கு உலோகத்தின் மேற்பரப்பே பெருந்தொல்லை. கண்ணுக்குத் தெரியாத அழுக்கு சிறிது படிந்தாலும் கணக்குத் தவறிவிடும்.

கிருஷ்ணன் செய்தது என்ன? வெற்றிடத்தில், உள்ளே குடைந்த சிறு அறையொன்றைப் பழுக்கக் காய்ச்சினார். சுவரிலிருந்து வெளிவருபவையும் திரும்பச் சுவரில் சேர்பவையும் சமமாகி, அறை முழுதும் எலெக்ட்ரான்கள் ஆவிபோல் நிறைந்தன. இட்லிப் பானையின் மூடியில் துளையிட்டாற்போல, ஓர் ஊசித்துளை வழியே கசிந்தவற்றை மட்டும் அளந்தார். மேற்பரப்பின் தொல்லையைத் தவிர்க்க இத்தனை எளிய வழியா என்று நமக்கு வியப்பாக இருக்கிறது! எஸ். சி. ஜெயின் இதில் அவருடன் உழைத்தார்.

வெப்பத்திற்குப் பதில் ஒளியோ எக்ஸ் கதிரோ பட்டாலும் எலெக்ட்ரான் வெளியேறும். ஒரு விநாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு நேரத்தில் நடப்பதைப் பதியும் காமிராக்கள் இப்படித்தான் இயங்குகின்றன. தங்கமோ சீசியம் அயோடைடோ பூசிய மெல்லிய தகட்டில் எக்ஸ் கதிர் விழும். கிளம்பும் எலெக்ட்ரான்களை மின்புலம் பக்கவாட்டில் வீசும். முந்தி வந்தது திரையில் ஓரிடத்திலும் பிந்தி வந்தது வேறிடத்திலும் விழும். அவை வெவ்வேறு வேகத்தில் புறப்பட்டால் படம் மங்கும். ஆகவேதான் எந்தப் பூச்சு, எவ்வளவு கனம் என்று ஆராய்ச்சியாளர் இன்றும் தேடுகின்றனர். மேற்பரப்பின் தொல்லை அவர்களையும் விடவில்லை.

தமிழிலும் வடமொழியிலும் தோய்ந்தவரான கிருஷ்ணன் 1958-இல் முதல் பட்நாகர் பரிசைப் பெற்றார். 1961 ஜூன் 14 அன்று காலமானார்.