நேர்கோட்டின் இலக்கணம் கண்ட பெர்மா

வெள்ளவத்தையில் ஒரு வீட்டுக்கு வழி கேட்பவரிடம், காலி வீதியில் இத்துணைத் தூரம் தெற்கே சென்று, பின்னர்க் கடற்பக்கமாக இத்துணைத் தூரம் நடக்குமாறு கூறுகின்றோம். இரண்டு எண்கள் ஓரிடத்தைக் காட்டிவிடுகின்றன. இவ்வெளிய உண்மையை அட்சரகணிதத்தோடு இணைத்தவர் இருவர். அவருள் தெக்காட்டின் பெயரை மாணவர் யாவரும் அறிவர். மற்றவராகிய பெர்மாவை இத்துறையில் நினைப்போர் சிலரே. ஆதலின் அவர் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி உரைக்க விழைகின்றோம்.

பியர் த பெர்மா 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிரான்சின் தென்பகுதியில், தோல் வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். சட்டம் பயின்று, 1631இல் துலூசு நகர நீதிமன்றில் பதவி ஏற்றார். வாழ்நாள் முழுவதும் வழக்குகளே அவர்தம் தொழில். கணிதமோ ஓய்வு நேரத் துணை.

பண்டைக் கிரேக்க அறிஞர் அப்பலோனியசின் மறைந்துபோன நூலொன்றை மீட்டமைக்க முயன்ற பெர்மா, 1636ஆம் ஆண்டளவில் ஓர் அரிய உண்மையைக் கண்டார். தெரியாக் கணியம் ஒன்றேயாயின் சமன்பாடு ஓர் எண்ணைத் தரும். இரண்டாயின் ஒரு கோட்டையே தரும் என்பதே அது. அச்சமன்பாடு ஒருபடியினதாயின் அக்கோடு நேர்கோடாகும்.

இது நிகழ்வது எவ்வாறு? ர = 2ய + 3 என்னும் சமன்பாட்டை எடுத்துக்கொள்வோம். ய 0 ஆயின் ர 3; ய 1 ஆயின் ர 5; ய 2 ஆயின் ர 7. ய ஒன்று கூடுந்தோறும் ர இரண்டே கூடுகின்றது. ஏற்றம் எங்கும் ஒரே அளவினதாகலின் கோடு வளைய இடமில்லை. அவ்வேற்றமே படித்திறன், தொடக்கத்து 3 வெட்டுத்துண்டு. சமன்பாட்டை நிறைவு செய்யும் ஒவ்வொரு சோடியும் கோட்டின்மேல் அமையும். கோட்டின்மேலுள்ள ஒவ்வொரு புள்ளியும் சமன்பாட்டை நிறைவு செய்யும். ய 1, ர 6 என்னும் புள்ளியோ இரண்டிலும் இடம்பெறாது. வரைபு என்பது சமன்பாட்டுக்கு அணியாக வரைந்த படம் அன்று. அதன் விடைகள் அனைத்தும் ஒருங்கே நிற்கும் நிலையேயாம்.

இத்துணைத் தெளிவாகக் கண்டவர் அதனை அச்சேற்றினாரல்லர். கைப்படியாகப் பாரிசு நண்பர்க்கு அனுப்பியதோடு அமைந்தார். 1637இல் தெக்காட்டு, தாமாகவே கண்ட முறையை நூலாக வெளியிட்டார். புகழ் அவர்பாற் சென்றது. பெர்மா 1665இல் மறைந்தார். அவர் ஆய்வு, மகனின் முயற்சியால் 1679இலேதான் அச்சுக் கண்டது. ஒரு நூலின் ஓரத்தில் அவர் குறித்துவைத்த வேறொரு தேற்றத்துக்கு முழு நிறுவலை உலகம் பெற்றது, 1994இல் ஆண்ட்ரூ வைல்சு என்பாரின் உழைப்பினாலேயாம்.

நம் நாட்டில் வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்ற கறோல் விசுவநாதபிள்ளை, 1855இல் வீசகணிதம் என்னும் நூலைத் தமிழில் வெளியிட்டமையையும் இங்கு நினைவு கூர்கின்றோம். கற்றதை எழுதி வைத்தமையால் அவர்தம் உழைப்புப் பின்வந்தோர்க்குப் பயன்பட்டது.

நம் கல்லூரி மாணவர்க்குப் பெர்மாவின் வாழ்வு இரண்டு பாடங்களை உணர்த்துகின்றது. புள்ளிகளைக் குறித்துக் கோடு வரைந்ததோடு அமையாது, அது நேராக நிற்பதன் காரணத்தை வினவுக. கண்ட விடையைப் பிறர் அறியுமாறு முற்ற எழுதுக. ஓய்வு நேரத்தில் அவர் செய்த பணி இன்றும் நம் வகுப்பறைக் கரும்பலகையில் வாழ்கின்றது.