ஸயன்ஸ் காலேஜ் கட்டிய நீதிபதி

கல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் குடியிருந்த நமது அங்கத்தினர்களுக்கு ராஷ்பிஹாரி அவென்யூவும் ஆசுதோஷ் முகர்ஜி ரோடும் தினசரி நடந்து பழகிய தெருக்கள். ராஷ்பிஹாரி என்றதும் புரட்சிக்காரர் ராஷ்பிஹாரி போஸ் என்று நினைப்பவர்கள் பலர் உண்டு. அவர் இல்லை. இவர் ராஷ்பிஹாரி கோஷ் என்ற பெரிய வக்கீல். ஆசுதோஷ் முகர்ஜியின் முயற்சிக்காக 1913-ல் பத்து லட்ச ரூபாயை யூனிவர்சிட்டிக்கு எழுதிக் கொடுத்தவர்.

ஸர் ஆசுதோஷ் 1864-ல் கல்கத்தாவில் ஒரு டாக்டரின் மகனாகப் பிறந்தார். 1885-ல் கணிதத்தில் எம்.ஏ., அடுத்த வருஷமே பௌதிகத்தில் எம்.ஏ. மாணவராக இருக்கும்போதே அவருடைய கணிதக் கட்டுரை இங்கிலாந்துப் பத்திரிகையில் வந்துவிட்டது. ஆனால் அந்நாளில் ஆராய்ச்சியே தொழிலாக இருக்க ஓர் இந்தியனுக்கு இங்கே இடம் ஏது? சட்டம் படித்தார், 1904-ல் ஹைகோர்ட் நீதிபதி ஆனார். தனக்கு அடைபட்ட வழியைப் பின்னால் வருகிறவர்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்ற எண்ணம் அவரை விடவே இல்லை என்பது என் அபிப்பிராயம்.

1857-ல் ஏற்பட்ட கல்கத்தா யூனிவர்சிட்டி ஐம்பது வருஷங்களாகப் பரீட்சை நடத்திப் பட்டம் கொடுக்கும் ஆபீஸாகவே பெரும்பாலும் இருந்தது. கர்ஸான் பிரபுவின் 1904-ம் வருஷச் சட்டத்தைச் சர்க்கார் பிடியை இறுக்கும் சட்டம் என்று தலைவர்கள் பலர் எதிர்த்தார்கள். எதிர்ப்பில் நியாயமும் இருந்தது. ஆனால் யூனிவர்சிட்டியே நேரடியாகப் பாடம் சொல்லித் தரலாம், ஆராய்ச்சி நடத்தலாம் என்று அதே சட்டத்தில் இருந்த ஷரத்தை ஆசுதோஷ் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். 1906-ல் வைஸ் சான்ஸலர் ஆனார். குமாஸ்தாக்களையும் வக்கீல்களையும் மட்டுமே உற்பத்தி செய்துகொண்டிருந்தால், நாளைக்கு நம் காலேஜ்களில் உயர்ந்த விஞ்ஞானம் கற்பிக்கக்கூட வெளிநாட்டாரையே எதிர்பார்க்க வேண்டி வரும் என்பது அவருக்கு அப்போதே தெரிந்திருந்தது.

சர்க்காரிடம் போதிய பணம் பெயரவில்லை. பாரிஸ்டர் தாரக்நாத் பாலித் 1912-ல் தன் ஆயுட்கால சம்பாத்தியத்தையும் பாலிகஞ்ச் வீட்டையும் கொடுத்தார். கோஷ் அடுத்த வருஷம். இந்தப் பேராசிரியர் பதவிகள் இந்தியர்களுக்கே என்பது நிபந்தனை. 1914 மார்ச் 27-ல், பதவிக் காலம் முடிய சில நாட்களே இருந்தபோது, ஆசுதோஷ் ஸயன்ஸ் காலேஜுக்கு அஸ்திவாரக் கல் நாட்டினார். ஒரு நீதிபதி, ஒரு பாரிஸ்டர், ஒரு வக்கீல் சேர்ந்து நாட்டுக்கு ஸயன்ஸ் காலேஜ் கொடுத்தார்கள்!

சில மாதங்களில் உலக யுத்தம் வந்துவிட்டது. கருவிகளும் ஜெர்மன் புத்தகங்களும் வருவது அரிதாயிற்று. அந்த நிலையிலும் 1916-ல் வகுப்புகளை ஆரம்பித்தார். மேகநாத ஸாஹா, ஸத்யேந்திரநாத் போஸ் என்ற இரண்டு இளைஞர்கள் அவரிடம் போய்ப் புதிய பௌதிகத்தைச் சொல்லித்தர வேண்டும் என்றார்கள். சொல்லித்தர ஆள்? நீங்களே படித்து நீங்களே நடத்துங்கள் என்று பொறுப்பைக் கொடுத்துவிட்டார். ஸாஹாவுக்கு அப்போது வயது 23. ஜெர்மன் பாஷை கற்றுக்கொண்டு ஐன்ஸ்டைனின் ஸாபேக்ஷக் கட்டுரைகளை இருவரும் இங்கிலீஷில் மொழிபெயர்த்தார்கள். 1920-ல் யூனிவர்சிட்டியே அதை வெளியிட்டது. ஸாஹாவின் பெயரில் வழங்கும் அயனிச் சமன்பாடும் அதே வருஷம்தான்.

நமக்கு நெருக்கமான கதை ஸர் ஸி.வி. ராமனுடையது. 1907 முதல் அவர் நிதி இலாகா அதிகாரி. காலையிலும் மாலையிலும் பௌபஜார் தெருவில் இருந்த ஆராய்ச்சிக் கழகத்தில் பரிசோதனை, நடுவில் ஆபீஸ். அவரைப் பாலித் பேராசிரியராக ஆசுதோஷ் அழைத்தார். வெளிநாடு போய்ப் பயிற்சி பெற்று வர வேண்டும் என்று ஒரு விதி இருந்தது, ராமன் மறுத்தார். விதியைத் தளர்த்தினாரே தவிர ஆளை விடவில்லை. பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துவிட்டு அரசாங்க உத்தியோகத்தில் காலம் தள்ளிய என் போன்றவனுக்கு இது பிரமிப்பான விஷயம். 28 வயதில், பென்ஷனுள்ள வேலையை உதறி, சம்பளத்தில் ஏறக்குறையப் பாதியை இழந்து ராமன் 1917-ல் போய்ச் சேர்ந்தார். அவரிடம் படிக்க 1920-ல் நம் கே.எஸ். கிருஷ்ணன் கல்கத்தா போனார். தத்துவப் பேராசிரியர் பதவிக்கு மைசூரிலிருந்து 1921-ல் ராதாகிருஷ்ணனை வரவழைத்ததும் ஆசுதோஷ்தான். வங்காளி, மதராஸி என்ற பேதம் அவர் பார்க்கவில்லை.

குறைகளும் சொன்னார்கள். பரீட்சையில் நிறையப் பேரைத் தேற விடுகிறார், கையில் பணம் இல்லாமல் புதுப்புது இலாகாக்களைத் திறக்கிறார் என்றார்கள். இரண்டாவதில் உண்மை உண்டு. 1921-ல் மறுபடி வைஸ் சான்ஸலர் ஆனபோது கஜானா காலி. 1922-ல் வங்காள சர்க்கார் இரண்டரை லட்சம் தருவதாகச் சொல்லிப் பல நிபந்தனைகளைக் கூடவே அனுப்பியது. சம்பளத்துக்கே திண்டாட்டமாக இருந்தும், யூனிவர்சிட்டியின் சுதந்திரத்தை விற்று வரும் பணம் வேண்டாம் என்று நிராகரிக்கச் செய்தார். அடுத்த வருஷம் கவர்னர் லிட்டன் பிரபு, சர்க்காரோடு ஒத்துழைப்பதானால் பதவி தொடரலாம் என்று எழுத, பதவியே வேண்டாம் என்று காரமாகப் பதில் போட்டுவிட்டு வெளியேறினார்.

ஹைகோர்ட்டிலிருந்தும் ஓய்வு பெற்று மறுபடி வக்கீல் தொழில் ஆரம்பித்தவர், ஒரு வழக்குக்காகப் பாட்னா போன இடத்தில் 1924 மே 25-ல் காலமானார். வயது அறுபது கூட நிரம்பவில்லை. சரியாகப் பத்து நாள் கழித்து, ஜூன் 4-ந் தேதி, அப்போது டாக்காவில் இருந்த ஸத்யேந்திரநாத் போஸ் தன் புதிய கட்டுரையை ஐன்ஸ்டைனுக்குத் தபாலில் அனுப்பினார். ராமன் விளைவு வர இன்னும் நான்கு வருஷங்கள் இருந்தன.