இருபத்து நாலு எண்களில் ஒரு பூமி

தூத்துக்குடி துறைமுகத்துப் பக்கம் போனா, ஃபோன்ல காம்பஸைத் திறந்து பாருங்க. காந்த முள் காட்டும் வடக்கும் உண்மையான வடக்கும் ஒன்றல்ல. நம்ம கரையில் வித்தியாசம் குறைவு. தென் அட்லாண்டிக்கில் 20 பாகையையே தாண்டும். ஒரு பாகை பிசகினால், 600 கிலோமீட்டர் போகும் தோணி சுமார் 10 கிலோமீட்டர் தள்ளிப் போய்ச் சேரும். கடலில் அது உயிர்ப் பிரச்சினை.

உலகத்தில் எங்கே நின்றாலும் இந்தத் திருத்தம் ஃபோனுக்கு எப்படித் தெரியுது? பெரிய அட்டவணை எல்லாம் உள்ளே இல்லைங்க. உலகக் காந்த மாதிரி என்பதன் 168 எண்களும், அவை ஆண்டுக்கு எவ்வளவு மாறும் என்ற கணக்கும் போதும். இந்த வழியைத் திறந்தவர், நாம 'காஸ் விதி'யில் மட்டும் சந்தித்த கார்ல் ஃபிரீட்ரிக் காஸ்.

1777-ல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் ஊரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். பையனின் கணக்கைப் பார்த்து அந்த ஊர்ப் பிரபு படிக்க வைத்தார். 1801-ல் கண்ணில் பட்டுத் தொலைந்துபோன சீரிஸ் என்ற குறுங்கோள் மறுபடி எங்கே தெரியும் என்று காஸ் கணக்குப் போட்டுச் சொன்னார். ஆண்டு முடிவதற்குள் கிடைத்துவிட்டது. 1807-ல் கோட்டிங்கன் வானாய்வகத்தின் இயக்குநரானார்.

1831-ல் இளைஞர் வில்ஹெல்ம் வெபர் அங்கே இயற்பியல் பேராசிரியராக வந்தார். இருவரும் சேர்ந்து பூமியின் காந்தத்தை அளந்தார்கள். பல நாட்டு ஆய்வகங்களையும் ஒரே நேரத்தில் அளக்க வைத்தார்கள். 1837-ல் மன்னர் அரசியல் சட்டத்தை ரத்து செய்தபோது வெபர் எதிர்த்துக் கையெழுத்திட்டார், வேலை போச்சு. காஸ் கையெழுத்திடவில்லை.

அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள், 1839-ல், அவருடைய புவிகாந்தக் கோட்பாடு வெளிவந்தது. மூணாம் செமஸ்டர் ஃபோரியர் தொடர் ஞாபகம் இருக்கா? ஒரு வளைகோட்டை சைன், கொசைன் அலைகளாகப் பிரிப்போம் இல்லையா? கோளத்தின் மேலேயும் அப்படி அலைகள் உண்டு: ஸ்பெரிக்கல் ஹார்மோனிக்ஸ். ஏழு அட்சக்கோடுகளில் தலா 12 புள்ளிகள், மொத்தம் 84 இடங்களின் மதிப்புகளை எடுத்து, கையாலேயே கணக்குப் போட்டு, நாலாம் படி வரைக்கும் 24 கெழுக்களில் பூமியின் காந்தப்புலத்தை அடக்கினார். படி n வரை போனால் n(n+2) எண்கள். இன்றைய 168, பன்னிரண்டாம் படி. புலத்தின் மூலம் பூமிக்கு உள்ளேதான் இருக்கு என்பதையும் அந்தக் கெழுக்களே காட்டின.

இவ்வளவு கொஞ்சம் எண்கள் எப்படிப் போதும்? புலம் பிறக்கும் இரும்புக் கரு நம் காலுக்குக் கீழே சுமார் 2,900 கிலோமீட்டரில் இருக்கு. மேலே வருவதற்குள் பெரிய அலை ஆறில் ஒரு பங்காகத்தான் குறையும். பதிமூணாம் படியின் நுண்ணலையோ கிட்டத்தட்ட பத்தாயிரத்தில் ஒரு பங்காகிவிடும். தூரமே நுணுக்கங்களைத் தேய்த்து, புலத்தை வழவழப்பாக்கித் தருது. வழவழப்பான எதையும் சில எண்களில் சுருக்கலாம்.

1855 பிப்ரவரியில் காஸ் இறந்தார். அதே ஆண்டு, நம்ம தாமிரபரணி பிறக்கும் அகத்தியமலை உச்சியில், திருவனந்தபுரம் வானாய்வகத்தின் ஜான் ஆலன் புரூன் காந்த ஆய்வுநிலையம் அமைத்தார். இன்று திருநெல்வேலி பக்கம் கிருஷ்ணாபுரத்திலும் புவிகாந்த ஆய்வகம் இருக்கு. கருவில் இரும்பு ஓடிக்கிட்டே இருப்பதால் அந்த எண்களை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். சுருக்கித் தந்தது காஸ்; அளந்துகொண்டே இருக்க வேண்டியது நாம.